பத்திரமான காசுக்கு வந்த வினை

காசை எங்கே போடலாம் என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் மூன்று பதில்தான் வரும். வங்கியில் நிலையான வைப்பு, நகை, காணி. பங்குச் சந்தை என்று வாயெடுத்தாலே "அது சூதெல்லோ" என்று கதையை முடித்துவிடுவார்கள். நான் கடைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைக்கிறவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்களுக்கு வேண்டியது எந்த வங்கி எத்தனை வீதம் தருகிறது என்பது மட்டும். அந்த வீதத்தை யார் தீர்மானிக்கிறார்கள், எதற்காக என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

2019 கடைசியிலிருந்து இந்த நாட்டில் நடந்ததைப் பார்த்தபிறகு எனக்கு அதுதான் முதற் கேள்வி. சொல்லப்போவதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஐந்து வருடத்தில் அரசாங்கத்தின் முடிவுகளால் ஆகக்கூடுதலாக அடிபட்டது, சூது என்று நாங்கள் ஒதுக்கின பங்குகள் இல்லை. பத்திரமாக இருக்கிறது என்று நம்பித் திரும்பிப் பார்க்காமல் விட்ட காசுதான்.

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். வந்து இரண்டு கிழமை ஆகமுன்னம், டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியை அடியோடு எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டத் தொடங்கும் எல்லை வருடத்துக்கு 5 இலட்சம் ரூபாவிலிருந்து 30 இலட்சத்துக்குப் போனது. நான் அப்போது வெள்ளவத்தையில் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை. ஜனவரிச் சம்பளப் பட்டியலைத் தயாரித்தபோது வரிக் கழிவு நிற்கும் நிரல் மேலிருந்து கீழ்வரை பூச்சியம். மனேச்சருக்கும் பூச்சியம், எனக்கும் பூச்சியம். கந்தோரில் கேக் வெட்டாத குறை. அரசாங்கத்துக்கு வருகிற காசு அப்படியே எங்கள் பொக்கெற்றுக்குள் வந்துவிட்டதே, இனி அவர்கள் எதை வைத்துக் கடன் கட்டப்போகிறார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த மாதச் சம்பளத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

பிறகு கொரோனா. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 வீதத்துக்குக் கிட்ட இருந்த வரி வருமானம் 8 வீதத்துக்கு விழுந்தது. கடன் தரப்படுத்தும் நிறுவனங்கள் இலங்கையின் தரத்தை வரிசையாகக் குறைத்தன. வெளிநாட்டுச் சந்தையில் டொலர் முறி (அரசாங்கத்தின் நீண்டகாலக் கடன் பத்திரம்) விற்றுக் கடன் எடுக்கும் வழி அடைபட்டது. மிச்சம் இருந்தது உள்ளூர்க் கடனும் மத்திய வங்கி அச்சடிக்கும் காசும். அரசாங்கம்தான் நாட்டிலேயே பெரிய கடன்காரன், ஆகவே வட்டி குறைவாக இருப்பது அதற்கு நல்லது. 2021 நடுப்பகுதியில் 91 நாள் திறைசேரி உண்டியலுக்கு, அதாவது அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரத்துக்கு, 5 வீதத்தை ஒட்டித்தான் வட்டி. வங்கி வைப்புகளும் அதைச் சுற்றித்தான். வைப்பு வட்டியில் சீவிக்கிற ஓய்வுபெற்றவர்கள்தான் அந்தக் குறைந்த வட்டிக்கு விலை கொடுத்தார்கள்.

வட்டி இல்லாத காசு சும்மா இருக்காது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டதால் கார் வாங்கவும் வழியில்லை. எல்லாம் கொழும்புப் பங்குச் சந்தைக்குள் பாய்ந்தது. 2020 முடிவில் 6,800ஐ ஒட்டி நின்ற அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021 முடிவில் 12,200ஐத் தாண்டி நின்றது. ஒரே வருடத்தில் 80 வீதம்! எங்கள் கந்தோர்ப் பெடியள் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு பங்குக் கதைதான். கம்பனிகள் அத்தனையும் ஒரு வருடத்தில் அவ்வளவு திறமாகிவிட்டனவா? சில ஏற்றுமதிக் கம்பனிகள் உண்மையாகவே நல்ல லாபம் பார்த்தன. மற்றதெல்லாம் போக வேறு இடமில்லாத காசு.

டொலரின் கதை இன்னும் வேடிக்கை. 2021 செப்டெம்பருக்குப் பிறகு அதை 203 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். வெளியில் 240க்கு மேல் போனது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஒவ்வொரு மாதமும் கேட்பான்: "அக்கா, வங்கியால அனுப்பட்டோ, உண்டியலால அனுப்பட்டோ?" அம்மா "வங்கியால அனுப்பு, அதுதான் முறை" என்பார். தம்பி சிரிப்பான். (அவன் சொன்னது திறைசேரி உண்டியல் இல்லை, வங்கிக்கு வெளியால் ஆட்கள் மூலம் காசு அனுப்பும் வழி.) உண்டியல்காரன் ஒரு டொலருக்கு நாற்பது ரூபா கூடக் கொடுக்கும்போது எத்தனை பேர் முறை பார்ப்பார்கள்? வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய காசு 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5 பில்லியன். அரசாங்கம் ஒரு விலையைச் சொன்னது, காசு தன் விலையைத் தேடி வேறு வாசலால் வந்தது.

அந்த நிலையிலும் 2022 ஜனவரி 18ஆம் திகதி முதிர்ந்த 500 மில்லியன் டொலர் முறியை அப்படியே முழுசாகக் கட்டினார்கள். இங்கே பால்மாவுக்கும் காஸ் சிலிண்டருக்கும் ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். அந்த முறியை முகப்பு விலைக்கு நன்றாகக் குறைவாக வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. நாங்கள் தவறாமல் கட்டுகிற நாடு என்று காட்டுவதற்காகச் செய்தது என்றார்கள். மூன்று மாதம்கூடத் தாண்டவில்லை, ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். வங்குரோத்து.

அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நடந்ததுதான் எங்கள் காசைப் பாதியாக்கியது. மார்ச் 7ஆம் திகதி ரூபாவைப் பிடித்திருந்த பிடியை விட்டார்கள். இரண்டு மாதம் அளவில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய வங்கி ஆளுநர் மாறினார். புதிதாக வந்த நந்தலால் வீரசிங்க 8ஆம் திகதி, நாட்டின் மற்ற வட்டிகளை இழுத்துச் செல்லும் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் கூட்டினார். வங்கிகள் மத்திய வங்கியில் போடும் காசுக்குக் கிடைக்கும் வைப்பு வசதி வீதம் 6.5இல் இருந்து 13.5. நான் கணக்கு வேலைக்கு வந்த காலத்தில் இருந்து காலோ அரையோ, மிஞ்சினால் ஒரு புள்ளியோ கூடிக் குறைவதைத்தான் பார்த்திருந்தேன். பங்குச் சந்தையைப் புதுவருடம் முடிந்த கிழமை முழுக்கத் திறக்கவில்லை. 25ஆம் திகதி திறந்தார்கள், விலைகள் விழுந்த வேகத்தில் அன்றைக்கே இழுத்து மூடினார்கள்.

அந்த மே மாதம் அம்மாவின் வைப்பு ஒன்று முதிர்ந்தது. நான் வேலையை விட்டுக் கொக்குவிலுக்கு வந்திருந்த நேரம். வங்கிக்குள் மின்சாரம் இல்லை, ஜெனரேற்றர் சத்தம். வட்டி வீதப் பலகையில் செருகும் இலக்கங்களை எல்லாம் கழற்றிவிட்டு, வெள்ளைத்தாளில் பேனையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். தாளுக்கு மேல் இன்னொரு தாள். அதற்கு மேலும் ஒன்று, பசை காயாமல் ஒரு மூலை கிளம்பி நின்றது. காசாளர் பக்கத்தில் இருந்த அலுவலர் அம்மாவிடம் படித்த பெடியன்.

"ரீச்சர், இண்டைக்கே ஒரு வருசத்துக்குப் போட்டுக் கட்டிப்போடாதேங்கோ. மூண்டு மாதத்துக்குப் போடுங்கோ. ஒவ்வொரு புதனும் உண்டியல் ஏலம் முடிய வீதம் ஏறிக்கொண்டெல்லோ போகுது."

"நீ படிக்கேக்க கணக்கில இருபத்தெட்டுப் புள்ளி. இப்ப எனக்கு வட்டி சொல்லித் தாறாய்."

"அதாலதான் ரீச்சர் வங்கிக்கு வந்தனான்."

அம்மா பாதியை மூன்று மாதத்துக்கும் பாதியை ஒரு வருடத்துக்கும் போட்டார். அவன் சொன்னது சரிதான். அந்த வருடக் கடைசியில் 91 நாள் உண்டியலின் வட்டி 30 வீதத்தையே தாண்டிப் போனது. வங்கிகள் ஒரு வருட வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தன. அவன் ஒரு பொருளியல் புத்தகமும் பார்க்கவில்லை. புதன்கிழமை ஏல முடிவைப் பார்த்தான், அவ்வளவுதான். அரசாங்கம் என்ன விலைக்குக் கடன் கேட்கிறது என்பதை அமைச்சர்களின் பேச்சைவிட அந்த ஏலம் ஒழுங்காகச் சொல்லும். இன்றுவரை நானும் அதைத்தான் பார்க்கிறேன். (மூத்த பிரசைகளுக்கு 15 இலட்சம் வரை 15 வீத வட்டி என்று ஒரு திட்டம் இருந்தது. சந்தை வீதம் அதையும் தாண்டிப் போயிருந்த அதே 2022 ஒக்டோபரில்தான் அதை நிறுத்தினார்கள்.)

ஆனால் 20 வீதத்தைப் பார்த்துப் புளுகத் தேவையில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். அதற்கு முதல் வருடம் 10 இலட்சத்தை 6 வீதத்துக்குப் போட்டவர் கையில் 10 இலட்சத்து 60 ஆயிரம். அதே 10 இலட்சத்துக்கு அப்போது வாங்கிய சாமான்களை இப்போது வாங்க 17 இலட்சம் வேண்டும். வைப்புச் சான்றிதழில் ஒரு ரூபாவும் குறையவில்லை. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. பங்கு விலை விழுந்தால் திரையில் சிவப்பாகத் தெரியும். இது எங்கேயும் தெரியாது. அதனாலேயே யாரும் அதை நட்டம் என்று சொல்வதில்லை.

பங்கு வைத்திருந்தவர்கள் தப்பினார்கள் என்று சொல்ல வரவில்லை. 2022 ஜனவரியில் பங்குச் சுட்டெண் 13,000ஐத் தாண்டி நின்றபோது வாங்கியவர்கள் போட்ட காசை மீண்டும் பார்க்க 2024 டிசம்பர் வரை இருக்க வேண்டி வந்தது. விலைவாசியைக் கழித்தால் அவர்களும் இழந்தவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு விற்றுவிட்டுப் போகும் வழி இருந்தது. 2022 கடைசியில் உண்டியலோ வைப்போ வாங்கியவர்களுக்கு அடித்தது யோகம். 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பணவீக்கம் 2023 செப்டெம்பரில் 1.3 வீதம். 69.8இல் இருந்து 1.3, ஒரு வருடத்துக்குள். முந்தின வருடம் இருபது இருபத்தைந்துக்குப் பூட்டி வைத்தவர்களுக்கு அத்தனையும் சுளையான வருமானம். எங்கள் ஊரில் சிலர் அடைவு வைத்த நகையைக்கூட மீட்காமல், காசை வைப்பில் விட்டார்கள். ஆனால் இந்த யோகம் கையில் அசையும் காசு இருந்தவர்களுக்கு மட்டும்.

அசையாத காசு ஒன்று இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி. தனியார் துறையில் வேலை செய்கிற ஒவ்வொருவருடைய சம்பளத்திலும் 8 வீதம், முதலாளி போடுவது 12 வீதம், மாதாமாதம் அங்கே போகும். பொதுவாகப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும்தான் எடுக்கலாம். எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. 3 ட்ரில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட நிதி, நாட்டிலேயே பெரியது. அதை நிர்வகிப்பது மத்திய வங்கி, போட்டு வைத்திருப்பது பெரும்பாலும் அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில். பணவீக்கம் 70ஐத் தொட்ட 2022ஆம் வருடத்துக்கு அங்கத்தவர்களுக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். அதே வருடக் கடைசியில் உண்டியல் வாங்கியவர் 30 வீதம் எடுத்தார். கடன் வாங்கியவர் இரண்டிலும் ஒரே அரசாங்கம்.

அதோடு விட்டார்களா? 2023 ஜூன் கடைசியில் ஒரு நீண்ட விடுமுறை வந்தது. 29ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள், 30ஆம் திகதி வங்கிகளுக்கு விசேட விடுமுறை, சனி, ஞாயிறு, 3ஆம் திகதி போயா. உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கப் போகிறார்கள், வைப்புகளில் கை வைக்கப் போகிறார்கள் என்று வட்ஸ்அப் முழுக்கக் குரல் பதிவுகள். அம்மா இரவிரவாகக் கேட்டார்: "பிள்ளை, செவ்வாய்க்கிழமை காசு எடுக்கேலுமோ?" சனிக்கிழமை, ஜூலை 1ஆம் திகதி, பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஆதரவு 122, எதிர்ப்பு 62. வைப்புகளில் கை வைக்கவில்லை. வங்கிகள் வைத்திருந்த ரூபா முறிகளிலும் கை வைக்கவில்லை. வங்கிகள் ஏற்கெனவே 50 வீதத்துக்கு மேல் வரி கட்டுகின்றன, இன்னும் அழுத்தினால் விழுந்துவிடும் என்றார்கள். ஆட்கள் வாங்கியிருந்த உண்டியல்களும் தப்பின. கை வைத்தது சேமலாப நிதியில்.

அதையும் நேராகச் செய்யவில்லை. பழைய முறிகளைக் கொடுத்துவிட்டுக் குறைந்த வட்டியுடன் நீண்ட காலத்துக்குப் புது முறி வாங்கு: முதல் சில வருடம் 12 வீதம், பிறகு முதிர்வு வரை 9 வீதம். விருப்பமில்லையா, பிரச்சினையில்லை. உன் வருமானத்துக்கு 14 வீத வரி 30 வீதமாகும். இதற்குத் தன்னார்வப் பரிமாற்றம் என்று பெயர்! நிதி மாற்றிக்கொண்டது. அங்கத்தவர்களாகிய எங்களிடம் ஒரு கடதாசித் துண்டு வந்து கேட்கவில்லை. குறைந்தது 9 வீதம் தருவோம் என்று ஒரு உறுதிமொழி தந்தார்கள். (2023க்கு 13 வீதம் தந்ததை மறைக்கக் கூடாது, விலைவாசி அடங்கிய வருடத்தில் அது நல்ல வீதம்தான்.) செவ்வாய்க்கிழமை திறந்த பங்குச் சந்தை ஏறியது. வங்கிப் பங்குகளுக்கு நல்ல கிராக்கி. தலைக்கு வந்தது வேறொருவர் தலையோடு போனதில் அவர்களுக்குச் சந்தோஷம் இருக்கத்தானே செய்யும்.

வங்கிகளை விட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வங்கி சரிந்தால் அம்மாவின் வைப்பும் சேர்ந்து போயிருக்கும். நான் கண்டுகொண்டது வேறு. அரசாங்கம் இறுகும்போது கை முதலில் நீளுவது எழும்பிப் போகமுடியாத காசை நோக்கித்தான். திறைசேரி உண்டியல் வாங்கினவர் மூன்று மாதத்தில் காசைத் திருப்பிக் கேட்பார், ஆகவே அவருக்கு 30 வீதம். வைப்புக்காரர் வரிசையில் வந்து நிற்பார், ஆகவே அவருக்குப் பயம் காட்டக்கூடாது. சேமலாப நிதிக்காரருக்கு ஐம்பது வயதாகவேண்டும். ஆபத்து குறைந்த முதலீடு, கூடிய முதலீடு என்று வங்கித் துண்டுப்பிரசுரங்களில் போடும் அட்டவணையில் இந்த நிரல் இல்லை. நான் இப்போது எதைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, நாளைக்கு ஒரு வர்த்தமானி வந்தால் இந்தக் காசு எத்தனை நாளில் என் கைக்கு வரும் என்பதைத்தான்.

2024 தேர்தல் நேரம் இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். இடதுசாரியான அனுர குமார திசாநாயக்க வந்தால் நாணய நிதியத்துடன் முறியும், தனியார் சொத்துக்குப் பாதுகாப்பில்லை என்று கொழும்பிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. செப்டெம்பரில் சந்தை சோர்ந்து கிடந்தது. 21ஆம் திகதி வாக்களிப்பு. முதல் எண்ணிக்கையில் அவருக்கு 42.31 வீதம், பாதிக்குக் குறைவு. இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கும் எண்ணி அவர் ஜனாதிபதியானார். புதிய அரசாங்கம் ஒக்டோபர் தொடக்கத்திலேயே, முந்திய அரசாங்கம் வெளிநாட்டு முறிக்காரருடன் பேசி வைத்திருந்த இணக்கத்தை ஏற்றுக்கொண்டது. நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய அணிக்கு 225 ஆசனத்தில் 159. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று, இதை இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. வருட முடிவில் சுட்டெண் 15,900ஐத் தாண்டி நின்றது. சந்தைக்கு சட்டை சிவப்பா நீலமா என்பது இரண்டாம் பட்சம். போட்ட ஒப்பந்தத்தில் நிற்கிறார்களா என்பதைத்தான் அது பார்த்தது. தேர்தல் பயத்தில் விற்றவர்கள் பலர், நான் எதையும் தொடவில்லை. கெட்டித்தனம் என்று நினைக்கவேண்டாம், என்னிடம் பங்கு கொஞ்சம்தான்.

2025இல் வட்டி மீண்டும் ஒற்றை இலக்கத்தில் நின்றது. வட்டியில் பிடிக்கும் வரியை அந்த ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து 10 ஆக்கிவிட்டார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள். உங்கள் வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் உடனே நிரப்பிக் கொடுங்கோ, வங்கி தானாகக் கேட்காது. அம்மாவின் வைப்புகளை ஒரே நாளில் முதிராதபடி பிரித்துப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஒரு வருடத்தைத் தாண்டாது. ஐந்து வருடத்துக்குப் போட்டால் வீதம் கொஞ்சம் கூடத்தான் வரும். அந்தக் கொஞ்சத்துக்காக ஒரு தேர்தல் காலம் முழுக்கக் காசைக் கட்டிப்போட எனக்கு மனமில்லை. என்னுடைய காசில் பாதிக்கு மேல் உண்டியலில், சிறு பகுதி பங்குகளில்.

சேமலாப நிதியில் கிடப்பதை ஒன்றும் செய்யமுடியாது. அதைப் பற்றி நினைக்கும்போது எனக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு விஷயத்தில். 2024 கடைசியில் வெளிநாட்டு முறிக்காரருடன் கடனை மாற்றி எழுதினார்கள். அவர்கள் முதலில் 27 வீதம் விட்டுக்கொடுத்தார்கள், உண்மை. ஆனால் புது முறிகளில் ஒரு நிபந்தனை சேர்த்தே வாங்கினார்கள்: 2025 முதல் 2027 வரை இலங்கையின் பொருளாதாரம் டொலர் கணக்கில் எதிர்பார்த்ததைவிடக் கூட வளர்ந்தால், விட்டுக்கொடுத்ததில் ஒரு பகுதியை 2028இலிருந்து திருப்பிக் கொடுக்கவேண்டும். நியூயோர்க்கிலும் இலண்டனிலும் இருக்கிற வழக்கறிஞர்களை வைத்துப் பேசி வாங்கிய வாசகம் அது. நாடு நல்லா வந்தால் அவர்களுக்கும் பங்கு. சேமலாப நிதிக்குக் கொடுத்த முறிகளில் அந்த முதற் சில வருடம் போனபிறகு நாடு எவ்வளவு வளர்ந்தாலும் 9 வீதம்தான், முதிர்வு வரைக்கும்.